உங்கள் பழைய காருக்கு எந்த ஒயில்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கியதும் எங்கள் கடைக்கு ஒரு கேள்வியும் வந்து சேரும். கனடாவில் இருந்து வந்த மருமகன், மாமனாரின் மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதற்குச் சின்தெற்றிக் ஒயில் விடுங்கள் மாமா, நாங்கள் அங்கே 0டபிள்யூ-20 தான் விடுகிறோம்" என்று சொல்லியிருக்கிறார். மாமனார் மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். நாங்கள் அவர் கேட்டதைக் கொடுக்காமல், அதன் பாதி விலைகூட இல்லாத சாதாரண 20டபிள்யூ-50 ஒயிலை எடுத்து நீட்டினோம். அரைமனத்துடன்தான் வாங்கிப் போனார். அவருக்கு அவசரமாகச் சொன்னதை உங்களுக்கு ஆறுதலாக எழுதுகிறோம்.

மருமகன் சொன்னது பிழை இல்லை. ரொறன்ரோவில் அதுதான் சரி. கானில் உள்ள டபிள்யூ என்ற எழுத்து ஆங்கிலத்தில் பனிக்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் எஞ்சின் சுழல ஒயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 0 என்று போட்ட ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையில் சோதிக்கிறார்கள். 20 என்று போட்டதைப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். யாழ்ப்பாணத்தில் மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலையில் கார் எடுத்தாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு வேண்டியது பின்னால் உள்ள எண். அது 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. அந்தச் சூட்டில் 50 என்ற ஒயில், 20 என்ற ஒயிலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிப்பானது.

ஆகவே சின்தெற்றிக்கா (ஆலையில் செயற்கையாகச் சீரமைத்த ஒயில்) சாதாரணமா என்பது இரண்டாவது கேள்வி. தடிப்பு எவ்வளவு என்பதுதான் முதலாவது. இதை நாங்கள் கற்றது சொந்தக் கையைச் சுட்டுக்கொண்டுதான். அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 வாடகைக்கு ஓடி ஓய்ந்த கார். நல்ல ஒயில் கடைக்கு வந்திருக்கிறதே, அப்பாவின் காருக்குத்தான் முதலில் என்று 5டபிள்யூ-30 சின்தெற்றிக் ஒயிலை விட்டோம். பருத்தித்துறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒயில் அமுக்கம் விழுந்துவிட்டது, பின்னால் நீலப் புகை, வீட்டு வாசலில் ஒயில் கோலம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தானே கீழே படுத்து அதை வடித்தார். அது சின்தெற்றிக் ஒயிலின் குற்றம் அல்ல. தேய்ந்த பெயாரிங்குகளுக்கும் பிஸ்ரன் ரிங்குகளுக்கும் நடுவே அவ்வளவு மெல்லிய ஒயில் நிற்காது என்பதை மறந்த எங்கள் குற்றம்.

மொறிஸ் மைனர்க்காரர்கள் ஒயில் சொட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் இங்கே சொல்லிவிடுகிறோம். அந்த எஞ்சினில் கிராங்க் என்னும் சுழல்தண்டின் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் ஒரு திருகு வெட்டுத்தான் உண்டு. புதிதாக வந்தபோதே கொஞ்சம் சொட்டிய கார் அது.

எங்கள் ஊர்ப் பழைய கார்களுக்கு ஒரு தனி வரலாறும் இருக்கிறது. போரினால் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். அளவுக் கம்பியில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும்! அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு. அன்று படிந்த கசடு சில எஞ்சின்களில் இன்றும் கிடக்கிறது. கழுவும் சக்தி கூடிய புதிய ஒயிலை அதற்குள் விட்டால் கசடு பெயர்ந்து, ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கலாம். திறந்து பார்க்காத எஞ்சினுக்குப் புதிய ஒயில் விட வேண்டுமென்றால், முதலில் அடியில் ஒயில் தங்கும் சம்பைக் கழற்றிக் கழுவுங்கள்.

இன்னுமொன்று, நாகமும் (சிங்க்) பொசுபரசும். பழைய எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் காம் என்ற தண்டு, தப்பெற் என்ற தட்டையான துண்டில் நேரடியாக உரசும். அங்கே தேய்வைத் தடுப்பது இந்த இரண்டும் சேர்ந்த மருந்து. புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றருக்கு அது ஆகாது என்பதால், 20, 30 என்று முடியும் புதிய பெற்றோல் ஒயில்களில் பொசுபரசை 0.08 வீதத்துக்குள் மட்டுப்படுத்திவிட்டார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த வரையறை இல்லை. விலைகூடிய ஒயில் பழைய காமுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் சின்தெற்றிக் ஒயிலை ஏன் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அது நல்ல பொருள். சாதாரண ஒயில் குறுணலும் முழு மணியும் கலந்த அரிசி என்றால், சின்தெற்றிக் புடைத்து எடுத்த அரிசி; மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் சூட்டில் ஆவியாவதும் கெட்டிப்படுவதும் குறைவு. தொண்ணூறுகளின் கொறோலா, சன்னி வைத்திருந்து, ஏசி போட்டுக்கொண்டு கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அடிக்கடி ஓடுபவர்கள், எஞ்சினும் இறுக்கமாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். 10டபிள்யூ-40 செமி சின்தெற்றிக்கும் அவற்றுக்குப் போதும். எஞ்சின் கட்டி முதல் ஓட்டம் முடிந்த கார்களுக்கும் கொடுப்போம். ஹைபிரிட் கார்க்காரர்கள் கைநூலில் உள்ள மெல்லிய ஒயிலையே விட வேண்டும். இந்த மடல் அவர்களுக்கு இல்லை.

ஒருமுறை சின்தெற்றிக் விட்டால் திரும்பச் சாதாரணத்துக்கு வரக்கூடாது என்பது கதை. இரண்டும் கலந்தால் கட்டிபடும் என்பதும் கதை; கலந்தால் காசுதான் வீண்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை வைத்திருந்தபோது வீட்டில் நிற்கும் பழைய காரின் அருமை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அது ஞாயிறு கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் எடுபட்டால், எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. ஈரமும் பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடும். எந்த ஒயிலானாலும் அதற்கு விலக்கு இல்லை. ஆகவே ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். ஓடுகிற காருக்கு 5000 கிலோமீற்றர். மிச்சம் பிடிக்கும் காசை இதில் செலவழியுங்கள்.

வீட்டிலேயே மாற்றுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடித்த ஒயிலை வேலி ஓரத்தில் ஊற்றாதீர்கள். நம் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களை நாம் மறக்கவில்லை. பழைய கானிலேயே அடைத்து எங்களிடம் கொண்டு வாருங்கள், வாங்கி வைக்கிறோம். வரும்போது காரையும் எடுத்து வாருங்கள். கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டே எந்த ஒயில் என்று சொல்வோம்.

அன்புடன்,
கடையினர்
ஸ்ரான்லி வீதி, யாழ்ப்பாணம்