மதிப்பெண்ணுக்கு மட்டுமா மரியாதை?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர் இதழியல் மதிப்புச் சங்கங்கள் (சிறந்த மாணவர்களைத் தேர்ந்து கௌரவிக்கும் அமைப்புகள்) பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். 1910-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கப்பா டாவ் ஆல்ஃபா என்ற சங்கம், படிப்பில் முதல் 10 சதவீதத்தினரையே சேர்ப்பதைக் கட்டுரையாளர் மெச்சுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தி சேகரிப்பது விடைத்தாளில் அளந்துவிடக்கூடிய வேலை அன்று. மாணவர் ஊடகங்களில் உழைப்போருக்கென இரு பழைய சங்கங்கள் 1975-இல் ஒன்றிணைந்ததையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

நான் அந்நாட்டில் முதுகலை படித்த கல்லூரியிலும் இத்தகைய சங்கம் ஒன்று இருந்தது. மாணவர் இதழின் ஆசிரியராக இருந்த என் தோழி, விடுதிக் கட்டண உயர்வின் கணக்கைத் தோண்டியெடுக்க மூன்று வாரம் நிதிக்குழுக் கூட்டங்களில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். செய்தி வெளிவந்தது, கட்டணம் குறைந்தது. அந்தப் பருவத்தில் அவளுடைய மதிப்பெண்ணும் குறைந்தது. பட்டமளிப்பு நாளில் பலர் கழுத்தில் சங்கத்தின் பதக்கம் தொங்க, அவள் வெறும் அங்கியோடு நின்றாள். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இச்சங்கங்கள் தங்கள் இடங்களில் பாதியையாவது, அச்சில் வந்த செய்திகளைப் படித்துப் பார்த்து வழங்க வேண்டும்.