கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்கு மது இல்லாத பானங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் நன்னாரி, இஞ்சி, ரோஸ் சர்பத் பாட்டில்கள் கடையில் நிற்பதில்லை. கூடவே ஒரு குறையும் வரும்: "பிள்ளைங்க குடிச்சிட்டாங்க, பெரியவங்க ரெண்டு வாய் குடிச்சதும் டம்ளரைக் கீழே வச்சிட்டாங்க." கலந்த விதத்தில்தான் கோளாறு. வெறும் இனிப்பு சீக்கிரம் திகட்டிவிடும். ஒயினையோ பீரையோ மெல்ல மெல்லக் குடிக்க வைப்பது அவற்றின் கசப்பும் துவர்ப்பும் தொண்டையில் இறங்கும் உறைப்பும். மது இல்லாத பானத்தில் அந்த வேலையை எலுமிச்சையும் இஞ்சியும் திராட்சைத் தோலும் பார்க்க வேண்டும். இனிப்பை ஒரு பிடி குறைத்து மற்றதைக் கூட்டுங்கள். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அந்தக் கணக்கில் போட்டவை.

முதலில் பன்னீர் திராட்சை. பெரிய மார்க்கெட்டுக்கு வருவது பெரும்பாலும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குப் பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால் டிசம்பரிலும் தட்டுப்பாடு இருக்காது. ஒரு கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, 200 மில்லி தண்ணீர் விட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம்; புளிப்புக்கு நிறமும் ருசியும் கெடும். சின்னத் தீயில் ஓரங்களில் பொடிக் குமிழி வரும் சூட்டில் 15 நிமிடம் இருக்கட்டும். தளதளவென்று கொதித்தால் வாசனை போய் ஜாம் நெடி வந்துவிடும். மத்தால் மெதுவாக மசித்து, துணியில் வடியவிடுங்கள். மிக்ஸியில் அடிக்கவே கூடாது. விதை உடைந்தால் வரும் கசப்பை எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது.

சூடு காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கும். சூடாக்காத சாற்றைப் பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் ஓரிரு நாளில் நுரை கட்டும், சர்க்கரை ஆல்கஹாலாக மாறத் தொடங்கும், வாயு அடைத்துப் பாட்டில் வெடிக்கவும் செய்யும். ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூன்று வாரம் வைக்கும் 'வீட்டு ஒயின்' முழுக்க மதுதான். "வீட்ல செஞ்சதுதானே" என்று பிள்ளைகளுக்கு ஊற்ற வேண்டாம்.

சாற்றை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஒன்று படியும். பாட்டில் உடைந்துவிட்டதோ என்று பதறிப் போன் செய்பவர்கள் உண்டு. திராட்சையில் இயற்கையாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. குளிரில் படிகமாகிறது, கெடுதல் இல்லை. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்தச் சாற்றைச் சுடச்சுடவும் கொடுக்கலாம். புதுச்சேரி மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோயிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து மார்கழிப் பனியில் வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டு அங்குலச் சுருள்பட்டை, நான்கு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல் இரண்டு கீற்று. தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள், அது கசக்கும். கொதிக்கவிடாமல் பத்து நிமிடம் சூட்டில் வைத்து, மசாலாவை உடனே எடுத்துவிடுங்கள். கிராம்பு இரவு முழுக்க ஊறினால் பல்வலி மருந்து வாடைதான் மிஞ்சும். 50 கிராம் சர்க்கரையில் தொடங்கி, குடிக்கப்போகும் சூட்டிலேயே ருசி பாருங்கள். சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும், குளிரில் மங்கும். லிட்டருக்கு எட்டுக் கப் வரும்.

அடுத்து இஞ்சி. முற்றிய இஞ்சி கால் கிலோவைத் தோல் சீவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படியும் மாவுச்சத்தை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். மாவோடு காய்ச்சினால் பாகு கொழகொழத்துவிடும். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டுக் கரைய ஒரு கொதி வந்ததும் இஞ்சிச் சாறு சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு 150 மில்லி எலுமிச்சைச் சாறு. சூட்டில் ஊற்றினால் புது வாசனை போய்விடும். விதையோடு அழுத்திப் பிழிந்தாலும் கசக்கும். இந்தப் பாகை வெளியில் வைக்காதீர்கள். சர்பத் வெளியில் கெடாமல் நிற்க 65 சதவீதச் சர்க்கரையாவது வேண்டும். இஞ்சி, எலுமிச்சைச் சாறுகள் சேர்ந்ததும் இது அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

நன்னாரிக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வேர் 100 கிராமைத் தட்டி, நடுவிலுள்ள கட்டையை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் ஒரு லிட்டர் கொதிநீரில் மூடி ஓர் இரவு ஊறவையுங்கள். வாசனை ஆவியாகிப் போகும் தன்மையுடையது, வேரைப் போட்டுக் கொதிக்கவைத்தால் வீட்டுக்கே மணக்கும், பாட்டிலில் இருக்காது. வடித்த நீரை அளந்து, லிட்டருக்கு இரண்டு கிலோ சர்க்கரை சேர்த்துக் கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள். பாகில் சர்க்கரை மறுபடி படிகமாகாமல் இருக்கக் கடைசியில் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. வீட்டு நன்னாரி வெளிர் பழுப்பாகத்தான் வரும். கருஞ்சிவப்பாக இருந்தால் நிறம் சேர்த்திருக்கக்கூடும்.

சோடா ஊற்றுவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சோடா எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வாயு அதில் தங்கும். வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் பாதி நுரையாகவே போய்விடும். முந்தின நாளே ஃபிரிட்ஜில் வையுங்கள். டம்ளரில் முதலில் 25 மில்லி சர்பத், ஐந்து மில்லி எலுமிச்சைச் சாறு, பிறகு ஐஸ், கடைசியில் 120 மில்லி சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்றி, ஒரே ஒரு சுற்று கலக்குங்கள். உப்போ சர்க்கரைத் தூளோ நேராகச் சோடாவில் போட்டால் பொங்கி வழிந்து வாயு இறங்கிவிடும். உப்பு வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாற்றிலேயே கரைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜாடியில் மொத்தமாகக் கலந்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், கால் மணி நேரத்தில் அது சர்க்கரைத் தண்ணீர்.

ரோஸ் சர்பத்தைச் சூடான பாலில் ஊற்றாதீர்கள். பல ரோஸ் சர்பத்துகளில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் திரியக்கூடும். காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பாலே சரி.

முப்பது பேர் வரும் மூன்று மணி நேர விருந்துக்கு ஆளுக்கு மூன்று டம்ளர் என்று வையுங்கள். 90 டம்ளருக்கு 750 மில்லி சர்பத் பாட்டில் மூன்று, அதே அளவு சோடாப் பாட்டில் 15, எலுமிச்சைச் சாறு அரை லிட்டர் போதும். ஐஸ் 15 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்குதான் டம்ளருக்குப் போகும், மற்றது பாட்டில்களைக் குளிர வைக்க. மீனுக்கு வாங்கும் பார் ஐஸை வெளியே அடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். டம்ளரில் போடுவதைக் குடிநீரில் செய்த ஐஸாக வாங்குங்கள். புகை வருகிறதே என்று உலர் ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) துண்டை டம்ளரில் போடுவது இப்போது பரவுகிறது. விழுங்கினால் வாயும் குடலும் புண்ணாகும். அதை நாங்கள் விற்பதில்லை.

கடைசியாக லேபிள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம். ஆகவே 'நான்-ஆல்கஹாலிக்' என்று போட்ட பீரிலும் துளி இருக்கலாம். அறவே கூடாது என்பவர்கள் 0.0 என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். குடியை விடுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர் விருந்துக்கு வந்தால் அந்தத் துளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பீர் வாசனையே அவருக்குச் சோதனை. பேசாமல் இஞ்சி சோடா கொடுங்கள்.

இஞ்சிச் சர்பத்தை நாங்கள் மொத்தமாகக் காய்ச்சி அடுக்கிவைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வேண்டுமானால் 20ஆம் தேதிக்குள்ளும், புத்தாண்டுக்கு 27ஆம் தேதிக்குள்ளும் சொல்லிவிடுங்கள். காலிக் கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, காயவைத்து, மூடியோடு கொண்டுவந்தால் விலையில் கழித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்,
புதுச்சேரி