கதவை முதலில் தட்டுவது யார்?

சிங்கப்பூர்க் கோயில் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

போன தைப்பூசத்தின்போது ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு உதவிப் பையன்கள் தேவை என்று கேட்டார்கள். சனிக்கிழமைகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளில் ஏழு பேரின் பெயரைக் கொடுத்தேன். இறுதிப் பட்டியலில் ஆறு பெயர்தான் இருந்தது. விடுபட்டவனுக்கு 14 வயது. ஏன் என்று கேட்டேன். "அவன் பெரியப்பாவும் உள்ளே, அப்பாவும் உள்ளே. ரத்தத்துல இருக்கு சார், விடுங்க" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான், இரவெல்லாம் தூங்காமல் அதே பந்தலில் நின்றவர். அதனால்தான் அன்றைக்குச் சண்டை போடாமல் வந்துவிட்டேன்.

சரி, அந்த ரத்தத்தைப் பற்றியே பேசுவோம். 1961-ல் தென் லண்டனில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்கள் 411 பேரைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் நடுவயதைத் தாண்டும் வரை விடவில்லை. தண்டனை பெற்ற தகப்பன்களின் மகன்களில் 63 விழுக்காட்டினர் தாங்களும் தண்டனை பெற்றார்கள். மற்றப் பையன்களில் 30 விழுக்காட்டினர். 6 விழுக்காட்டுக் குடும்பங்களிலேயே மொத்தத் தண்டனைகளில் பாதி குவிந்துகிடந்தது. ஆக, பந்தல்காரர் சொன்னதைப் பொய் என்று நான் தள்ளவில்லை. முன்கோபம், அவசரப் புத்தி போன்றவை கொஞ்சம் பிறப்போடு வரும்தான். ஆனால் அதே சிறுவர்களிடம் இன்னொன்றையும் பார்த்தார்கள். சாவு, நோய் என்று வேறு காரணங்களால் பெற்றோரைப் பிரிந்தவர்களைவிட, சின்ன வயதில் பெற்றோர் சிறைக்குப் போனதால் பிரிந்தவர்கள் பின்னாளில் அதிகம் சிக்கினார்கள். அப்பா செத்த வீட்டுக்கு ஊரே வரும். அப்பா உள்ளே போன வீட்டுக்கு யார் வருவார்கள்? இது என் கேள்வி, ஆய்வாளர்களுடையது அல்ல.

பிறப்பிலேயே குற்றவாளி என்ற முத்திரை நமக்கொன்றும் புதிதல்ல. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அந்தச் சீமையிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம் குழுக்களிலேயே இருக்கக்கூடும். அப்போது ரேகை கேட்டார்கள். நாம் பட்டியலில் பெயரை அடிக்கிறோம்.

அந்தப் பையனின் வீட்டுக்கு வருகிறேன். அப்பா பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமில் வேலை பார்க்கிறார் என்று பாட்டி சொல்லிவைத்திருந்தார். அவனும் நம்புவதுபோலவே இரண்டு வருடம் நடித்திருக்கிறான். அதன்பிறகு சாங்கிச் சிறைக்குப் போனால் நடுவில் கண்ணாடி, கையில் டெலிபோன். தங்கச்சி கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளாம். அம்மா பகலில் கிளீனிங் வேலை, இரவில் கடை வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பாட்டி மட்டும், அவருக்கும் முட்டிவலி.

உறவுக்காரர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். நாமும்தான். முதல் மாதமே கதவைத் தட்டியவர்கள் அப்பாவின் பழைய கூட்டாளிகள். பாட்டி கையில் 100 வெள்ளி வைத்தார்கள், பையனுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தார்கள், "எதுனாலும் அண்ணன்கிட்ட சொல்லுடா" என்றார்கள். மனசார எழுதுகிறேன்: அந்த வயதில் நானாக இருந்தாலும் அவர்கள் பின்னால்தான் போயிருப்பேன். தைப்பூசம் முடிந்து இரண்டு மாதத்தில் அவனுடைய கணக்கு நோட்டின் ஓரத்தில் 369 என்ற எண்ணைப் பார்த்தேன். அது எந்தக் குண்டர் கும்பலின் எண் என்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். பெரியப்பா தோளில் பச்சை குத்தியிருந்ததும் அதுதான்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லி 2004-ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் இருக்கிறது, 2010 முதல் அடித்தளத் தொண்டூழியர்கள் கைதிகளின் குடும்பங்களைப் போய்ப் பார்க்கிறார்கள். இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் மறுவாழ்வு இல்லத்தை நடத்துகிறது. இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பு சிண்டா இருக்கிறது, சம்பளத்தில் மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை பிடித்தம் போகிறது, அதோடு நம் கடமை முடிந்ததென்று நாமும் நிம்மதியாக இருக்கிறோம். வெளியே வருகிறவருக்கு மஞ்சள் ரிப்பன் கட்டுகிறோம், நல்லது. அவர் உள்ளே போன அன்றைக்கு வீட்டில் இருந்த பிள்ளையைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

ஒரு வீட்டில் இப்படி ஆகிவிட்டது என்றால் நமக்கு எப்படியும் தெரிந்துவிடும், கோப்பிக் கடையில் முதலில் பேசுவதே நாம்தானே. அந்த மாதமே இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போங்கள். விண்ணப்பப் பாரம் எதுவும் வேண்டாம், அரிசிப் பையோடு படம் எடுக்கும் வேலையும் வேண்டாம். பாட்டியைச் சாங்கிக்குக் காரில் கூட்டிப்போய் வாருங்கள். பிள்ளையை உறுமிக்கோ தேவாரத்துக்கோ பந்துக்கோ, அவனுக்கு எது பிடிக்கிறதோ அதற்குக் கூப்பிடுங்கள். அப்பா என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் ஏதாவது தப்புச் செய்தால் திட்டுங்கள், உங்கள் பிள்ளையைத் திட்டுகிற அளவுக்கு. அதற்காக அவன் தாத்தாவரைக்கும் போக வேண்டாம்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பெயர் கேட்பீர்கள். நான் அதே ஏழு பெயரைத்தான் தருவேன். அவனுக்கு இப்போது 15 ஆகிவிட்டது, முதல் பேருந்தைப் பிடித்துத் தானே வந்துவிடுவான். காலையில் பசியாற ஏதாவது கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கீழ்த்தளத்துக் கணக்கு வாத்தியார்