அண்ணன் மகன் விஷயமாக

மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி மட்டும் மழைக்கு மழை கூடுகிறது. பதில் போடாததற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் பிறகு திட்டு, இப்போது அந்தக் கோபம் வேறு இடத்தில் தேவைப்படுகிறது.

தடிக்காரன்கோணம் தோட்டத்தில் பன்றி விரட்ட உன் அண்ணன் மகன் ஒரு வெடிக்குழல் செய்து வைத்திருக்கிறான். ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடுத்த பழைய பிவிசி பைப்பு, அடுப்பு லைட்டர், வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய கார்பைடு. யூடியூபில் பார்த்தானாம். உன் ரத்தம்தானே! உன் கெமிஸ்ட்ரி லேப் சங்கதியை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வெயிலில் வெளுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. மூட்டுக்கு மேலே மயிரிழை விரிசல் வேறு. "பைப்பிலேயே பிரஷர் அளவு போட்டிருக்கு, தாங்கும் சித்தப்பா" என்கிறான். அது தண்ணீருக்குப் போட்ட அளவு. தண்ணீர் போகும் குழாய் உடைந்தால் பீய்ச்சியடித்து அடங்கிவிடும். வாயு அடங்காது. உடைந்த பிறகும் விரியும், சில்லுகளை நாலாபக்கமும் வீசும். உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் தளபதி டிலனாய் காலத்திலேயே பீரங்கி வார்த்த ஊர் என்று பெருமை பேசுகிறான். அவர்கள் தொழில் தெரிந்து உலோகத்தில் வார்த்தார்கள். கோயிலில் கதினா வெடி போடுகிறவர்கூட இரும்புக் குற்றிக்குத் திரி வைத்துவிட்டுத் தள்ளித்தான் நிற்கிறார்.

வெடிப்பதைவிட, வெடிக்காத நேரம்தான் எனக்குப் பயம். கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் என்ற வாயு வரும். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். லைட்டரை அமுக்கியும் சத்தம் வராவிட்டால் பையன்கள் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து வெடிக்கும். 2025 தீபாவளிக்குப் போபாலிலும் சுற்றுப்பட்டிலும் இதே கார்பைடு துப்பாக்கியால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. தீ சுடுவதோடு முடியவில்லை மக்கா, தெறிக்கிற துகள் கண்ணீர் ஈரத்திலேயே சூடாகிச் சுண்ணாம்பாகிறது. பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததா?

மதினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: கண்ணில் பட்டால் தேய்க்காமல், தாய்ப்பால் எண்ணெய் என்று எதையும் விடாமல், கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். சொல்லும்போதே அவளுக்குக் கை நடுங்கியது.

பன்றித் தொல்லையும் பொய்யில்லை. மரச்சீனிக் கிழங்கில் ஒரு மூடு மிச்சம் விடவில்லை. வனத்துறையில் கேட்டு சோலார் வேலி போடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன், பணத்துக்கு யோசிக்கிறார். பாதி நீ அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பையன் என் பேச்சைக் கேட்க மாட்டான், மஸ்கட் சித்தப்பா சொன்னால் கேட்பான். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, காலையிலேயே கூப்பிடு. குழலை உடைத்துப் போடுகிறவரை போனை வைக்காதே.

அன்புடன்,
உன் மக்கா