பழைய சர்வரை அணைக்கும் முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. புது ஸ்டோரேஜ் வந்து இறங்கிவிட்டது, இனி ஆய்வுத் தரவைக் காப்பி செய்வதுதானே பாக்கி என்று எழுதியிருக்கிறாய். அந்தத் 'தானே'தான் எனக்கு இடிக்கிறது.

40 டெராபைட் என்றால் 10 கிகாபிட் இணைப்பில் கணக்குப்படி 9 மணி நேரம். அதை நம்பித் துறைகளுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடாதே. மைக்ரோஸ்கோப் படம், சென்சார் பதிவு என்று லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும். இணைப்பில் பாதிகூட நிறையாது. யாரும் கை வைக்காத பழைய தொகுப்புகளை டார் (பல ஃபைல்களைக் கட்டிய ஒரே பெரிய ஃபைல்) ஆக்கி அனுப்பு. மற்றதை ஃபோல்டர் வாரியாகப் பிரித்து நாலைந்து ஆர்சிங்க் (இரு பக்கமும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் காப்பி செய்யும் நிரல்) ஒரே சமயத்தில் ஓடட்டும். முதல் சுற்று, ஆய்வாளர்கள் வேலையில் இருக்கும்போதே போகலாம். பிறகு மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு இரண்டாம் சுற்று.

ஆர்சிங்க் கட்டளையில் சின்ன 'ஏ' (-a) போட்டால் எல்லாம் வந்துவிடாது. ஏசிஎல்லுக்கு, அதாவது யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலுக்கு, பெரிய 'ஏ' (-A); ஹார்டு லிங்குக்கு, அதாவது ஒரே ஃபைலுக்கு இருக்கும் பல பெயர்களுக்கு, பெரிய 'ஹெச்' (-H) தனியாக வேண்டும். முன்னதை மறந்தால் மறுநாள் காலை பாதிக் குழுக்களுக்குத் தங்கள் ஃபோல்டரே திறக்காது. பின்னதை மறந்தால் ஒரே ஃபைல் பல பிரதிகளாகி, 40 டெராபைட் ஊதிப் பெருத்துவிடும்.

மூலத்தைப் பூட்டியதும் எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பட்டியல் எடுத்துவிடு. ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் நேரத்தையும் பார்த்தே 'மாறவில்லை' என்று தாண்டிப் போகும். உள்ளே ஒரு பிட் புரண்டிருந்தால் அதற்குத் தெரியாது. எழுதின கையோடு அதே சர்வரில் சரிபார்ப்பதும் வீண். டிஸ்கை விட்டுவிட்டு மெமரியில் இருப்பதையே படித்து ஓகே சொல்லிவிடும். ஒருமுறை ரீபூட் செய்துவிட்டுப் பார். அப்படியும், மூலம் ஏற்கெனவே கெட்டிருந்தால் கெட்டதற்கே சான்றிதழ் கொடுத்ததாகும். இனி வரும் தரவுக்காவது, கருவியிலிருந்து வந்து இறங்கும் அன்றே செக்சம் எடுக்கும் வழக்கம் வேண்டும்.

தரவைக் காப்பகமாக எழுதி வைக்கும் எல்டிஓ-9 காந்த டேப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றில் 18 டெராபைட், வேகம் நொடிக்கு 400 மெகாபைட் வரை. அந்த ஓட்டத்துக்குத் தரவு ஈடுகொடுக்காவிட்டால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடித் தேயும். எஸ்எஸ்டியில் சேர்த்து வைத்து எழுது. புது டேப்பை முதல் தடவை போட்டதும் தன்னைச் சரிசெய்துகொள்ள 2 மணி நேரம்கூட ஆகலாம். டிரைவ் மாட்டிக்கொண்டது என்று பிடுங்கிவிடாதே. இன்னொன்று, எல்டிஓ-7 டேப்புகளை இந்த டிரைவ் படிக்காது. பழைய டிரைவைத் தூக்கிப் போடாதே.

ஃபோல்டர்களை மாணவர் பெயரில் வைக்காதே, திட்டத்தின் குழுப் பெயரில் வை. படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால், பெயர் போய் வெறும் கணக்கு எண்தான் உரிமையாளராக மிஞ்சும்.

டேப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டு அந்த எஸ்எச்ஏ-256 பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பழைய சர்வரை அணை. ஏசிஎல்லில் இரண்டு வகை உண்டு: உன்னிடம் இருப்பது போசிக்ஸ் ஏசிஎல்லா, என்எஃப்எஸ் 4 வகையா? பதில் எழுது. இரண்டாவது என்றால் அந்தப் பெரிய 'ஏ' உதவாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்