இடது பக்கம் மட்டும் ஏன் மந்தம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைச்சுது. மூத்தவனுக்கு வேலை கிடைச்சதைப் படிச்சு வீட்டுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம், தங்கச்சிகிட்ட சொல்லு. இங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு. இப்ப தினத்தந்தியை எழுத்துக்கூட்டாம படிக்கா. ஆனித் தேர் நிலைக்கு வந்தாச்சு, குற்றாலத்துல சாரல் விழுது. நீ கோயம்புத்தூர்ல இருந்து உன் ராஜ்தூத் 350 பைக்குலயே வாரேன்னு எழுதியிருக்கது எனக்குப் பெரிய ஆசைதான். ஆனா வண்டி இப்ப இருக்க நிலையில வராதே. அதைச் சொல்லத்தான் உடனே எழுதுதேன்.

ஸ்லோவுல இடது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கு, நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல ரெண்டும் சேந்து இழுக்கு, அங்க உள்ள மெக்கானிக் ரெண்டு சிலிண்டரையும் உள்ள கடைஞ்சு போர் போடணும்ங்கான், இதுதானே சங்கதி? போர் போட சம்மதிக்காதே. ஒவ்வொரு தடவையும் 0.25 மில்லிமீட்டர் போகும், போன இரும்பு திரும்ப வராது. ராஜ்தூத் 350-க்கு நல்ல சிலிண்டர் கிடைக்கது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும். முதல்ல சிலிண்டர் அழுத்தத்தை அளக்க கம்ப்ரஷன் கேஜ் வச்சு, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் உதைச்சுப் பாக்கச் சொல்லு. எத்தனை வருதுங்கதை விட, ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கதுதான் முக்கியம். பக்கத்துல பக்கத்துல வந்துட்டுன்னா போர் பேச்சே வேண்டாம்.

அந்த இன்ஜின் 347 சிசின்னு நாம சொன்னாலும், உள்ளபடி அது ரெண்டு 173 சிசி இன்ஜின். பிஸ்டன் சுத்துத கிராங்க் மட்டும்தான் பொது. இடதுக்குத் தனி கார்ப்ரேட்டர், உள்ள போன காத்தும் பெட்ரோலும் திரும்பாம தடுக்க தனி ரீடு வால்வ், தீப்பொறிக்குத் தனி பாயிண்ட், தனி காயில், தனி சைலன்சர். கிராங்க் கேஸ் கூட நடுவுல சீல் வச்சுத் தனித்தனியாத்தான் பிரிஞ்சிருக்கு. அதனால நல்லா ஓடுத வலது பக்கம்தான் உனக்கு அளவுகோல். இடதுல உள்ள ஒரு சாமானை வலதுக்கும், வலதுல உள்ளதை இடதுக்கும் மாத்து. கோளாறும் சேந்து பக்கம் மாறிச்சுன்னா அந்தச் சாமான்தான் கெட்டது. மாறலைன்னா அது நல்லது, அடுத்ததுக்குப் போ. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. ரெண்டை மாத்திட்டா எது காரணம்னு கடைசி வரை தெரியாது.

நம்ம ஜங்ஷன் மெக்கானிக் அண்ணாச்சி இதுல பெரிய கெட்டிக்காரர். 2023 டிசம்பர் வெள்ளத்துல சிந்துபூந்துறைப் பக்கம் முங்கின வண்டி எல்லாம் அவர் பட்டறை வாசல்லதான் வரிசையா நின்னுது. எந்த வண்டி வந்தாலும் ஸ்குரூ டிரைவரை எடுக்க மாட்டார். வண்டி குளுந்து கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு சைலன்சர் பைப்புலயும் சிலிண்டர் பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுவார். எது சுர்ருன்னு உடனே காயுது, எது மெதுவாக் காயுதுன்னு பாப்பார். மந்தமான பக்கம் எதுன்னு தெரிஞ்ச பிறகுதான் மத்தது. ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழட்டிப் பாக்கதா இருந்தா, அதுல ஒரு பழைய பிளக்கைச் செருகி இன்ஜின் உடம்புல சாய்ச்சு வைக்கணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவார். கரண்டுக்குப் போக வழி இல்லைன்னா காயில் கெட்டுப் போகும்.

முதல்ல பிளக்கை மாத்து, அப்புறம் கேப், அப்புறம் காயில். பாயிண்ட்டை அப்படி மாத்த முடியாது, கண்ணால பாரு. முகம் குழி விழுந்து, ஓடும்போது நீலமாத் தீப்பொறி பறந்துச்சுன்னா கண்டென்சரைச் சந்தேகப்படு. ரெண்டு பாயிண்ட்டுக்கும் இடைவெளி 0.3-ல இருந்து 0.4 மில்லிமீட்டருக்குள்ள ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு கூடிட்டா அந்தப் பக்கம் தீப்பொறி விழுத நேரம், அதான் டைமிங், முந்திரும், வண்டி ரெண்டு மனசா ஓடும். இடைவெளி வச்ச பிறகுதான் டைமிங், தலைகீழாச் செய்யக் கூடாது.

இது எல்லாம் சரியா இருந்தாத்தான் கார்ப்ரேட்டர். உன் வண்டி மாசக்கணக்கா நின்னுருக்கு. இப்ப பங்க்ல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். நின்ன கார்ப்ரேட்டர்ல பிசின் மாதிரி படிஞ்சு, முதல்ல அடைக்கது ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடுத பைலட் ஜெட்தான், அதுலதானே ஓட்டை ரொம்பச் சின்னது. ஸ்லோவுல மட்டும் தொந்தரவு, மேல போனா சரியாகுதுங்கது பைலட்டோட குணத்துக்குப் பொருந்துது. கால் த்ராட்டிலுக்கு மேல நீடில், முழுசாத் திருகினா மெயின் ஜெட், இது உனக்குத் தெரிஞ்சதுதான். கம்பி விட்டுக் குடையாதே, பித்தளை ஓட்டை பெருசாயிரும். கார்ப் கிளீனரும் காத்தும் போதும். தொண்டைக்குள்ள இருக்க சின்னத் துவாரங்களையும் ஊது, ஜெட்டை மட்டும் சுத்தம் பண்ணிட்டு இதை விட்டுருவாங்க. சோக் பிளஞ்சர் இடதுல முழுசா இறங்கி உக்காருதான்னும் பாத்துக்கோ. ஏர் ஸ்குரூவை ரெண்டுலயும் மூடின இடத்துல இருந்து ஒன்றரைச் சுத்துல வச்சுட்டு அங்க இருந்து ஆரம்பி. ஆக்சிலேட்டரைத் திருகினா கார்ப்ரேட்டர்ல மேல எழும்புத ஸ்லைடு ரெண்டும் ஒரே நேரத்துல எழும்புதான்னு பாக்க, ரெண்டு அடியிலயும் ஒரே அளவு டிரில் பிட்டைச் செருகினாப் போதும், மீட்டர் எல்லாம் வேண்டாம். ஸ்லைடு கேபிளைத் தொட்டேன்னா ஆயில் பம்ப் கேபிளையும் மறுபடி குறிக்கு நேரா வை.

நான் பயப்படுதது வேற ஒண்ணுக்கு. இடது பக்கத்துக் கிராங்க் சீல் மேக்னெட் பக்கம் இருக்கு. அந்த ரப்பர் வறண்டு வெடிச்சா வெறும் காத்தை உள்ள இழுக்கும், பெட்ரோல் பத்தாமப் போகும். வலது சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளைப் புகை தள்ளும், உடனே தெரிஞ்சிரும். இடது சீல் சொல்லாம பிஸ்டனைத் தின்னும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காம தொங்குதா? பிளக் வெள்ளையா இருக்கா? இதுக்கு மட்டும் எனக்கு ஒழுங்கா எழுது. கார்ப்ரேட்டரை இன்ஜினோட சேக்குத இன்டேக் ரப்பர்ல வெடிப்பு இருந்தாலும் இதே குணம்தான், அதை முதல்ல வளைச்சுப் பாரு. தீராத சந்தேகம்னா இன்டேக்கையும் சைலன்சர் வழியையும் அடைச்சுட்டு சுமார் 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி நிக்குதான்னு சோப்புத் தண்ணி தடவிப் பாக்கச் சொல்லு.

இது தெளிவாகாம வண்டியை எடுத்துக்கிட்டு வராதே. கோவில்பட்டி தாண்டி கயத்தாறு வரை ரோடு நூல் பிடிச்ச மாதிரி கெடக்கும், மேகாத்து இப்ப பலமா அடிக்கும். அந்தக் காத்துல ஆக்சிலேட்டரை முழுசாப் பிடிச்சா, பெட்ரோல் பத்தாத சிலிண்டர்லதான் முதல்ல பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும். நடு ரோட்டுல பின்சக்கரம் பூட்டிக்கிடும். உன்னை அப்படி நினைச்சுப் பாக்கவே எனக்குப் பிடிக்கலை.

இப்ப இந்த வண்டிக்கு லட்சக்கணக்குல விலை சொல்லுதாங்க, வித்துருன்னு உன் மச்சான் சொன்னதா எழுதியிருந்தே. விக்காதே மாப்ளே. ஓடுத வண்டி அது. காலேஜ் நாள்ல பாபநாசத்துல இருந்து காரையார் ஏறினப்ப பின்னால உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். ரெண்டு சிலிண்டரும் ஒத்து அடிக்கும்போது அதுக்கு ஈடு கிடையாது.

சீல் அங்க கிடைச்சா ரெண்டு பக்கத்துக்கும் வாங்கிரு. இடதும் வலதும் அளவு வேற, பழசைக் கையில கொண்டு போ. இன்ஜினைப் பிரிக்கணும்னு வந்தா அங்க பிரிக்க விடாதே, டிரான்ஸ்போர்ட்ல போட்டு இங்க அனுப்பு. அண்ணாச்சிகிட்ட பேசி வச்சிருக்கேன். நீ ரயில்ல வந்துரு, வண்டி சரியானதும் சேந்தே குற்றாலம் போவோம்.

பிளக் நிறத்தை எழுத மறந்துராதே.

அன்புடன்,
உன் மாப்ள