கீழே இருக்கும் எழுத்து

அன்பு மகள் கயலுக்கு,

கடையில் பார்த்த பழைய மான் அச்சுப் படத்தை வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் நேற்று ராத்திரி தூங்கவே நேரமாகிவிட்டது. ரிடிங்கர் மான் மாதிரிதான் தெரிகிறது அம்மா. மிருகங்களையும் வேட்டையையும் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஜெர்மன் ஓவியர் அவர். உனக்கு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க்கில் வேலை என்றதுமே எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. 1698-ல் உல்மில் பிறந்தவர், நீ இருக்கும் ஊரில் தொழில் நடத்தி, 1767-ல் அங்கேயே காலமானார். இளவயதில் ரெகன்ஸ்பர்க்கில் ஒரு பிரபுவிடம் தங்கி வேட்டையைக் கிட்டே இருந்து பார்த்தவர். அவர் வரைந்த நாய்களுக்கு மூச்சு வாங்குவது கூடத் தெரியும். நம் நாட்டிலிருந்து போன கிளாரா என்ற காண்டாமிருகத்தையும் 1748-ல் நேரில் பார்த்து வரைந்திருக்கிறார்.

வாங்கு. ஆனால் பணம் கொடுக்கும் முன் ஃபிரேமிலிருந்து கழற்றிக் காட்டச் சொல். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கையால் செய்த பழைய தாளில், கூழை அள்ளிய சல்லடைக் கம்பியின் தடம் நெருக்கமான கோடுகளாகத் தெரியும். தடமே இல்லாமல் ஒரே சீராக இருந்தால், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் அவருடைய அதே செப்புத் தகட்டில் மறுபடி அடித்ததாக இருக்கும். தகடு அசல்தான், ஆனால் செம்பு தேயும். மை பூசி, துடைத்து, உருளையில் அழுத்தி எடுக்க எடுக்க மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். மானின் கழுத்து ரோமத்தை லென்ஸ் வைத்துப் பார். கோடு கோடாகப் பிரிந்து கறுப்பாக நின்றால் நல்ல படி. சாம்பல் அப்பியது போல இருந்தால் விட்டுவிடு.

அப்புறம், கீழே எழுத்து முழுசாக இருக்கிறதா என்று பார். 1988-ல் அச்சு இயந்திரப் பயிற்சிக்காக மூன்று மாதம் ஜெர்மனியில் இருந்தபோது, சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து ஒரு ரிடிங்கர் மான் படம் வாங்கினேன். வீட்டிலிருந்த ஃபிரேமுக்குள் அடங்கவில்லை. ஜெர்மன் எழுத்துதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று கீழே இரண்டு விரல் அகலம் வெட்டிவிட்டேன். ஹாலில் நீ பார்த்து வளர்ந்தது அந்த மானைத்தான்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொம்பு விசித்திரமாக முளைத்த மான்களை அவர் ஒரு வரிசையாகவே போட்டிருக்கிறார். எந்த மான், எந்த வருஷம், எங்கே, யார் வேட்டையாடியது என்பதெல்லாம் படத்துக்குக் கீழேதான் இருக்கும். அவர் பெயரும் அங்கேதான். அத்தனையையும் என் கையாலேயே வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். 30 வருஷம் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது! இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உன் மானை எந்த ஃபிரேமுக்காகவும் வெட்டாதே. சின்னதாக இருந்தால் வேறு ஃபிரேம் செய்யச் சொல், பணம் நான் அனுப்புகிறேன்.

இன்னொரு உதவி. டீனமான் என்பவர் 1856-ல் ரிடிங்கர் படங்களுக்கெல்லாம் எண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். கடைக்காரரிடம் அது இருக்கும். நம் ஹால் மானின் போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடது கொம்பு காதுப் பக்கம் வளைந்து இறங்குகிறது, பார். அது எந்தக் காட்டு மான் என்று அவரிடம் கேட்டுச் சொல்லு கண்ணு.

அன்புடன்,
அப்பா